கப்பலுக்கு ஒரு பனியன்

போன ஞாயிற்றுக்கிழமை பரணில் கேஸ் புக் தேடப் போய், என் கப்பலைக் கண்டுபிடித்தேன். பதற வேண்டாம், தகரக் கப்பல். ஒரு சாண் நீளம். 1996-ல் அவிநாசித் தேர்க்கடையில் அப்பா வாங்கித் தந்தது. திரியைப் பற்றவைத்துத் தண்ணீரில் விட்டால் 'டப்டப்டப்' என்று ஓடுமே, அதேதான். குட்டி பாய்லரில் தண்ணீர் ஆவியாகிப் பின்குழாய் வழியே தள்ளும். குளிர்ந்ததும் திரும்ப உறிஞ்சும். 1891-லேயே தாமஸ் பியோ என்பவர் இங்கிலாந்தில் பேட்டன்ட் வாங்கிய சமாச்சாரம்.

ஏழு வயசுப் பையன் பார்த்துவிட்டான். "அப்பா, இப்பவே தண்ணியில விடலாம்!"

விடலாம்தான். ஆனால், பக்கவாட்டில் மஞ்சள் எனாமலில் 'குமாரு' என்று எழுதியிருக்கிறதே! என் பெயர் குமார். கூப்பிடுகிறபடியே எழுதிவிட்டார் அப்பா. சாயப்பட்டறையில் வேலை. அன்றைக்கு என்ன கலர் ஓடுகிறது என்று அவர் கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். 2011 ஜனவரியில் ஹைகோர்ட் உத்தரவால் பட்டறைகளை மூடினபோதுதான் அந்தக் கையின் ஒரிஜினல் கலரையே பார்த்தோம். இப்போது அவர் இல்லை. அவர் எழுதியதென்று வீட்டில் மிச்சம் இந்த மூன்று எழுத்துதான். பக்கத்திலேயே துரு.

பி.காம். படித்தவனுக்குத் தேய்மானத்தைக் கணக்குப் போடத்தான் தெரியும், தடுக்கத் தெரியாது. டையிங் மாஸ்டர் நண்பரிடம் போனேன். "துணியில சாயம் நிக்குது, தகரத்துல பெயின்ட் ஏன் மாஸ்டர் உரியுது?"

"ஏனுங்க, ரியாக்டிவ் சாயம் பருத்தியோட கெமிக்கலாவே சேர்ந்துடுது. கல்யாணம் பண்ணின மாதிரி. பெயின்ட் மேலாப்புல ஒட்டியிருக்கற வாடகைக் குடித்தனமுங்க. கீறல்ல, மடிப்பு ஓரத்துல தண்ணி பூந்தா துருப் புடிக்கும். துருவுக்கு இரும்பை விட இடம் ஜாஸ்தி வேணும். பெயின்ட்டைத் தூக்கி வெளிய போட்டுடும். நிறமில்லாத வார்னிஷை ஒரு பனியனாட்டம் மேல போட்டுடுங்க. மொதல்ல அடிப்பக்கம் ஒரு மூலையில தடவிப் பாருங்க."

கடையில் 'க்ளியர்' என்று கேட்டேன். லேக்கர் வந்தது. அடிப்பக்கம் தடவின அரை நிமிஷத்தில் நீலப் பெயின்ட் யானைத் தோலாகச் சுருங்கிவிட்டது. அதிலிருக்கும் தின்னருக்குப் பழைய எனாமல் தாங்காதாம். அதை 'குமாரு' மேல் தடவியிருந்தால்? அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை, சார்.

மறுநாள் சின்தடிக் வார்னிஷ் வாங்கினேன். மறுபடி மூலையில் சோதனை. ஒரு நாள் காத்திருந்தேன். பாஸ்! சோப்புத் தண்ணீரில் பிசுக்கைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, துரு இருந்த இடத்தை மட்டும் எமரித் தாளால் தேய்த்து, அங்கே ரெட் ஆக்ஸைடு வைத்தேன். அதுவும் காய்ந்த பிறகு மெல்லிசாக மூன்று கோட் வார்னிஷ். கோட்டுக்குக் கோட் ஒரு ராத்திரி இடைவெளி. மடிப்பு ஓரங்களுக்கு மட்டும் எக்ஸ்ட்ரா ஒரு கை. பாய்லர் பக்கம் போகவில்லை, சூட்டில் கொப்புளித்துவிடும்.

"ஏனுங்க, வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொல்லி மூணு தீபாவளி ஆச்சு" என்றாள் மனைவி. காதில் விழாத மாதிரி பிரஷ்ஷைக் கழுவினேன்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. துருவுக்கு விருந்து வைத்த மாதிரி. அதனால் அன்னக்கூடையில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கப்பலை இறக்கினோம். பையன் குனிந்து பார்த்தான். உள்ளே ஓடிப்போய் மார்க்கரோடு வந்தான்.

"அப்பா, ஸ்பெல்லிங் தப்பு. 'ரு' இல்ல, 'ர்'. மாத்திடட்டா?"

"மார்க்கரை இப்படிக் குடு, கண்ணு" என்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, திரியைப் பற்றவைத்தேன்.