பெரோ வேறு, பெர்ரோ வேறு
ஸ்பானிய மொழி கற்கத் தொடங்கும் பலர், நாக்கை உருட்டிச் சொல்லும் ரகரம் பிறவியிலேயே வாய்க்க வேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு. ஸ்பானியக் குழந்தைகளுக்கே கடைசியாகக் கைகூடும் ஒலிகளில் அதுவும் ஒன்று. ஐந்தாறு வயதிலும் அதற்குத் தடுமாறும் பிள்ளைகள் உண்டு. பிறவி வரம் என்றால் இத்தனை காலம் எதற்கு? கோளாறு நாக்கில் இல்லை, பழகும் முறையில் இருக்கிறது. பலரும் நாக்கைத் தாங்களே ஆட்டப் பார்க்கிறார்கள். நுனிநாக்கு மேற்பல்லுக்குப் பின்னுள்ள மேட்டில் பட்டும் படாமலும் நிற்க வேண்டும். மூச்சு அழுத்திக்கொண்டு வரும்போது, கொடியில் காயும் துணி காற்றில் படபடப்பதுபோல அது தானே இரண்டு மூன்று முறை தட்டும். அந்த வேகத்தை எந்தத் தசைக்கும் நாம் கட்டளையிட்டு வாங்க முடியாது. நாக்கை விறைத்தால் ஒலி செத்துவிடும்.

மொழியியலார் இதை ஆடொலி என்பார்கள். ஒரே முறை தட்டும் வருடொலியும் ஸ்பானியத்தில் உண்டு. அதைச் சொன்னால் 'பெரோ', அதாவது 'ஆனால்'. ஆடொலியைச் சொன்னால் 'பெர்ரோ', அதாவது 'நாய்'. தமிழருக்கு வருடொலி புதிதல்ல, நம் ரகரமே அதுதான். ரகரம் நுனிநா வருடப் பிறப்பது, றகரம் ஒற்றப் பிறப்பது என்று தொல்காப்பியம் பிரித்தே சொல்கிறது. ஆனால் இன்றைய பேச்சில் பெரும்பாலோருக்கு அரமும் அறமும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ஆகவே நமக்கு நாக்கைவிட முதலில் பழக வேண்டியது காது.

இடம் பார்த்துப் பொருள் புரியாதா என்று கேட்கலாம். நாயும் 'ஆனால்' என்பதும் ஒரே இடத்தில் வராதுதான். ஆனால் 'கெரியா' என்றால் விரும்பினேன், 'கெர்ரியா' என்றால் விரும்புவேன். இரண்டும் ஒரே வாக்கியத்தில் பொருந்தி நிற்கும். காலத்தைப் பிரித்துக் காட்டுவது அந்த ஓர் ஒலிதான். இன்னொரு மறுப்புக்கு வலு அதிகம்: ஸ்பானியம் பேசுபவர்கள் எல்லோருமா உருட்டுகிறார்கள்? இல்லை. 1914இல் பிரஸ்ஸல்ஸில் பிறந்த அர்ஜென்டினா எழுத்தாளர் ஹூலியோ கொர்த்தாசார் பிரெஞ்சுக்காரர்போலத் தொண்டையில்தான் ரகரம் சொன்னார். போர்ட்டோ ரிக்கோவிலும் பலர் ஆடொலிக்குப் பதில் தொண்டையொலியையே பயன்படுத்துகிறார்கள். ஆயினும் அந்தப் போர்ட்டோ ரிக்கோவினர் வாயில் பெரோவும் பெர்ரோவும் கலப்பதில்லை. உருட்டல் போனாலும் வேறுபாடு போகவில்லை. கற்பவர் காக்க வேண்டியதும் அதையே. உருட்டக் கற்ற உற்சாகத்தில் எல்லா இடத்திலும் உருட்டி, 'ஆனால்' என்பதையும் நாயாக்குவது உருட்டாததைவிடச் சிறந்ததல்ல.

ஸ்பானியம் கற்பிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் வாரத்திலேயே மாணவரை நிற்க வைத்து உருட்டச் சொல்லாதீர்கள். இரட்டைச் சொற்களை மாற்றி மாற்றிச் சொல்லி, எது எது என்று கேளுங்கள். காது பிரித்தறிந்த பிறகு நாக்குக்குப் பயிற்சி கொடுங்கள், நாளுக்குச் சில நிமிடம் போதும். மதிப்பெண்ணை உருட்டலுக்குப் போடாமல் வேறுபாட்டுக்குப் போடுங்கள்.