முதலில் ஆசிரியர் எழுதட்டும்



ஜூன் பிறந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு திறப்புகள். பெரியாறு அணையில் நீர் இருந்தால் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தின் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். அதையொட்டி, கூடலூர் முதல் தேனி வரை பள்ளிக்கூடங்களும் திறக்கும். புதுப் பாடப்புத்தகங்களோடு பிள்ளைகளின் பையில் கட்டுரை நோட்டு ஒன்றும் ஏறும். இந்த மாதம் அந்த நோட்டைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

அதில் என்ன இருக்கும் என்பது நமக்கெல்லாம் தெரியும். முதலில் குறிப்புச்சட்டம், அடுத்து முன்னுரை, நடுவில் துணைத்தலைப்புகள், கடைசியில் முடிவுரை. கரும்பலகையிலோ கைடிலோ இருந்ததைப் பார்த்து நாற்பது பிள்ளைகளும் ஒரே கட்டுரையை எழுதியிருப்பார்கள். பத்தாம் வகுப்புத் தமிழில் ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்றொரு வினா வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த வினா. படத்தைப் பார், மனதில் பட்டதை எழுது என்று தேர்வுத்தாளே பிள்ளையை அழைக்கிறது. அதற்கும் ஆயத்தக் கவிதைகள் கைடுகளில் வந்துவிட்டன. எந்தப் படம் வந்தாலும் பொருந்துகிற பொதுவான வரிகள். மதிப்பெண்ணுக்குப் பயந்து மனப்பாடம் செய்யும் பிள்ளையை இதில் குறை சொல்ல முடியாது. ஆசிரியரையும் நான் குறை சொல்ல மாட்டேன். சொந்தமாக எழுதுவதை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று அவருக்கு யாரும் செய்து காட்டியதில்லை.

ஆசிரியர்களுக்குப் பயிற்சிகள் இல்லாமல் இல்லை. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் எழுதப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்று 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையறிந்து பாடம் நடத்தும் முறை. கொரோனா காலத்தில் பள்ளியைவிட்டு விலகி, எழுத்தே மறந்துபோயிருந்த பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. அடுத்த ஆண்டு வந்த வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று சின்னச் சின்னப் புத்தகங்களை வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. எழுத்தை அறிந்து, வாசிக்கவும் பழகிய பிள்ளைக்கு அடுத்த படி, தான் நினைப்பதைத் தாளில் சொல்வது. அந்தப் படிக்கு வரும்போதுதான் நம் பயிற்சிகள் மெலிந்துபோகின்றன.

பயிற்சி நடக்கும் விதத்தைப் பாருங்கள். மாநில அளவில் பயிற்சிக் கட்டகம் தயாராகிறது. அங்கிருந்து உத்தமபாளையத்தில் இருக்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கு வந்து, கருத்தாளர்கள் வழியாக வட்டார வள மையத்துக்கும் குறுவள மையத்துக்கும் இறங்குகிறது. திரையில் படக்காட்சி ஓடும். குழுவாகப் பிரிந்து சார்ட்டில் எழுதி ஒட்டுவார்கள். பின்னூட்டம் நிரப்புவார்கள். எழுதுவதைப் பற்றி நாள் முழுக்கப் பேச்சு நடந்தாலும், சொந்தமாக ஒரு பத்திகூட எழுதாமல் ஆசிரியர்கள் பஸ் ஏறிவிட முடிகிறது.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1974இல் ஜேம்ஸ் கிரே வேறு வழியில் போனார். அவரே உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவர். பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர்களுக்குச் சரியாக எழுத வரவில்லை என்ற கவலை அப்போது அங்கே இருந்தது. அதற்காகப் பேராசிரியர்களைக் கூப்பிட்டுப் பள்ளி ஆசிரியர்களுக்கு உபதேசம் செய்ய வைக்கவில்லை. வகுப்பில் நன்றாக எழுதச் சொல்லிக்கொடுத்துவந்த ஆசிரியர்களையே கோடை விடுமுறையில் கூட்டினார். அவர்கள் எழுதினார்கள். சிறு குழுவாக உட்கார்ந்து எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். தங்கள் வகுப்பில் பலித்த வழியைச் சக ஆசிரியர்களுக்கு நடத்திக் காட்டினார்கள். பிறகு அது தேசிய எழுத்துத் திட்டமாக அமெரிக்கா முழுக்கப் பரவியது. அதன் உயிர்நாடி நமக்கு எட்டாததல்ல: ஒரு நோட்டு, ஒரு பேனா, காதுகொடுத்துக் கேட்க நாலு பேர்.

எழுத உட்காரும் ஆசிரியருக்கு முதல் வரி லேசில் வராது. எழுதியதை அடிப்பார், மறுபடி எழுதுவார், வாசிக்கக் கூச்சப்படுவார். இந்தத் தவிப்பை அனுபவித்தவர், மறுநாள் வகுப்பில் மணியடிப்பதற்குள் ஒரே மூச்சில் எழுதி முடிக்கும்படி பிள்ளைகளை விரட்ட மாட்டார்.

திருத்தும் விதமும் மாறும். நம் பள்ளத்தாக்கிலிருந்து விடியும் முன்பே ஜீப்புகள் கம்பம் மெட்டும் போடி மெட்டும் குமுளியும் ஏறி, இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களைக் கொண்டுபோகின்றன. அப்படிப் போகிற ஒருத்தியின் மகள் ஐந்தாம் வகுப்பில் இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்: “எங்க அம்மா இருட்டோட ஜீப்புல தோட்டத்துக்கு போயிரும். நாந்தான் தம்பிக்கு சோறு போடுவேன்.” வழக்கமான சிவப்பு மை ‘எங்க’வை ‘எங்கள்’ ஆக்கும், விட்டுப்போன ஒற்றுகளைச் சேர்க்கும், கீழே கையெழுத்தும் தேதியும் போடும். தானும் எழுதிப் பார்த்த ஆசிரியர் முதலில் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுவார்: “தம்பி எழுந்ததும் அம்மாவைத் தேடினால் நீ என்ன சொல்வாய்?” அதற்குப் பதில் சொல்ல இரண்டு வரி போதாது, பிள்ளை பக்கம் பக்கமாக எழுதுவாள். ஒற்றுப்பிழையை அதற்குப் பிறகு உட்கார வைத்துத் திருத்தலாம்.

நூற்றைம்பது நோட்டுக்கும் கேள்வி எழுத எங்கே நேரம், எமிஸ் இணையதளப் பதிவு வேறு இருக்கிறதே என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயம்தான். வாரம் ஒரு வரிசை நோட்டு போதும். மற்றவர்கள் இருவர் இருவராக மாற்றி வாசித்து, ஆளுக்கொரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும்.

கருத்தாளருக்கும் வெளியூர் தேட வேண்டாம். பஞ்சாலை வாழ்க்கையை ‘மில்’ நாவலாகவும் சமையல் தொழிலாளர்களின் பாட்டைக் ‘குதிப்பி’யாகவும் எழுதிய ம. காமுத்துரை நம் தேனிக்காரர். பார்வையிழந்த சிறுவனின் உலகத்தை ‘நிறங்களின் உலகம்’ நாவலில் தந்த தேனி சீருடையானும் இங்கேதான். அன்றாடப் பாட்டிலிருந்து எழுத்து எப்படிப் பிறக்கிறது என்று சொல்ல இவர்களைவிடத் தகுந்தவர் யார்? தேனி மாவட்டத்தின் 8 ஒன்றியங்களிலும் குறுவள மையக் கூட்டத்தில் அரை நாளை ஆசிரியர்கள் எழுதுவதற்கென்றே ஒதுக்கி, இவர்களைப் போன்றவர்களை எதிரில் உட்கார வைக்க வேண்டும் என்று கல்வித்துறையை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். துறையே 2022 முதல் ‘கனவு ஆசிரியர்’ இதழை நடத்துகிறது. அங்கே எழுதத் தயங்குகிறவர்களுக்கு இப்படியொரு அரை நாள் கைகொடுக்கும்.

நம் இதழின் பங்குக்கு, அடுத்த மாதம் முதல் இரண்டு பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். பள்ளத்தாக்கின் ஆசிரியர்கள் ஒரு பக்கம் எழுதுங்கள். பன்னீர் திராட்சைப் பந்தல், வீரபாண்டித் திருவிழா, முதல் நாள் வேலைக்குச் சேர்ந்த பள்ளி, எதுவானாலும் சரி. அதே பொருளில் உங்கள் வகுப்புப் பிள்ளை எழுதியதையும் சேர்த்து அனுப்புங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவோம். பிள்ளையின் பேச்சுத்தமிழை மாற்ற வேண்டாம். கையெழுத்துப் பிரதியே போதும், தட்டச்சை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மாதத்தின் 15ஆம் தேதிக்குள் வந்தால் அடுத்த இதழிலேயே சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்