பூட்டு செய்தவரிடமே மாற்றுச் சாவி

ராயகிரியில் தேநீர்க் கடைக்காரருக்குப் பத்து ரூபாயைக் கைப்பேசி வழியே செலுத்துகிறேன். அந்தத் தகவல் மறைக்குறியீடாக மாறிப் பயணிக்கிறது. அதை வடிவமைத்தவர் யார், உடைக்கக்கூடியவர் யார் என்று அவரும் கேட்பதில்லை, நானும் கேட்பதில்லை. கேட்காமலே நம்பியதற்குப் பெரும் விலை கொடுத்த நாடு ஜெர்மனி.

ஆர்தர் ஷெர்பியஸ் 1918இல் காப்புரிமை கோரிய எனிக்மா கருவி, முதலில் வணிகர்களுக்காகவே விற்பனைக்கு வந்தது. ராணுவம் அதை ஏற்று வலுப்படுத்தியது. ஆயினும் 1932 இறுதியிலேயே போலந்தின் மரியன் ரெயெவ்ஸ்கி அதன் உள்ளமைப்பைக் கணிதத்தின் துணையால் கண்டறிந்துவிட்டார். 1939 ஜூலையில் அந்த அறிவு பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் கைமாறியது. போர்க்காலத்தில், 1942 பிப்ரவரியில், ஜெர்மன் கடற்படை தன் அட்லாண்டிக் நீர்மூழ்கிகளின் கருவியில் நான்காவது சுழல் உருளையைச் சேர்த்தது. பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க் நிபுணர்கள் ஏறக்குறைய பத்து மாதங்கள் அச்செய்திகளைப் படிக்க இயலாமல் தவித்தனர். பிறகு வழி திறந்தது ஜெர்மானியரின் பழக்கத்தால். வானிலைச் சுருக்கச் செய்திகளை அனுப்பும்போது, புதிய கருவியைப் பழைய மூன்று உருளைக் கருவியைப் போலவே இயக்கினார்கள். அச்செய்திகளுக்கான குறிப்பேட்டை, மூழ்கிக்கொண்டிருந்த யு-559 நீர்மூழ்கியிலிருந்து எடுத்துக் கொடுத்த பிரிட்டிஷ் கடற்படையினர் இருவர் அதனுடனேயே மூழ்கினர். ஐயம் எழுந்தபோது ஜெர்மன் கடற்படை விசாரிக்கவும் செய்தது. கருவியில் குறையில்லை என்றே முடிவு கண்டது.

தோற்ற நாடு பாடம் கற்றது; சற்று அதிகமாகவே கற்றது. 1970இல் மேற்கு ஜெர்மனியின் உளவுத் துறையும் அமெரிக்காவின் சிஐஏவும் சேர்ந்து, சங்கேதக் கருவிகள் விற்ற சுவிட்சர்லாந்தின் கிரிப்டோ ஏஜி நிறுவனத்தை ரகசியமாக வாங்கின. தாங்கள் எளிதில் உடைக்கும்படி அமைத்த கருவிகளை உலகெங்கும் விற்றன. 2020 பிப்ரவரியில் வாஷிங்டன் போஸ்ட் உள்ளிட்ட ஊடகங்கள் இதை அம்பலப்படுத்தின. வாடிக்கையாளர் பட்டியலில் இந்தியாவும் இருந்தது, பாகிஸ்தானும் இருந்தது. பகை நாடுகள் இரண்டும் ஒரே கடையில் பூட்டு வாங்கியிருக்கின்றன!

உள்நாட்டிலேயே தயாரித்துவிட்டால் போதும் என்பாருண்டு. எனிக்மாவும் உள்நாட்டுத் தயாரிப்புதான். தயாரித்தவரைச் சாராத வல்லுநர்கள் வெளிப்படையாகச் சோதித்துக் குறை சொல்ல இடமிருக்க வேண்டும்; அந்தக் குறையைக் கேட்கும் மனமும் அதிகாரத்தில் இருப்போருக்கு வேண்டும். சுவிட்சர்லாந்தின் நாடாளுமன்றக் குழு இந்த விவகாரத்தை விசாரித்து, 2020 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. அது விற்ற நாடு. வாங்கிய நாடான நாமும், எந்தெந்தத் துறைகள் எத்தனை ஆண்டுகள் அக்கருவிகளை நம்பியிருந்தன என்பதை நம் நாடாளுமன்றத்தில் அறிய வேண்டும்.