கடைத்தெருவுக்கு வந்த மறுவாழ்வு

ஒரு கடைத்தெரு நொடித்துப் போவது ஒரே நாளில் நடப்பதல்ல. முதலில் ஒரு கடை மூடப்படுகிறது. மூடிய கடையின் வாசலில் குப்பை சேருகிறது. இருட்டிய பிறகு அந்தப் பக்கம் போகப் பெண்கள் தயங்குகிறார்கள். அடுத்த கடைக்கும் வியாபாரம் குறைகிறது. நாளடைவில் தெருவே களையிழந்து விடுகிறது.

கனடாவில் டொராண்டோ நகரின் புளூர் வீதி மேற்குப் பகுதி வியாபாரிகளை 1960-களில் இந்தப் பயம்தான் பிடித்துக்கொண்டது. 1964-ல் யார்க்டேல் என்ற பிரம்மாண்டமான அங்காடி திறக்கப்பட்டது. ஒரே கூரையின் கீழ் எல்லாக் கடைகளும். கார் நிறுத்த ஏராளமான இடம். 1968-ல் நிலத்தடி ரயிலும் வந்து சேர்ந்தது. அதுவரை டிராமில் கடைகளைப் பார்த்தபடி போன ஜனங்கள் பூமிக்கு அடியில் போய்விட்டார்கள்!

வியாபாரிகளுக்குச் சங்கம் இல்லாமலில்லை. ஆனால் சந்தா அவரவர் இஷ்டம். ஊர் கூடித் தேர் இழுத்தால், வடம் பிடிக்காதவன் வாசலுக்கும் தேர் வரத்தானே செய்யும்? தெருவில் விளக்குப் போட்டால் சந்தா கொடாதவன் கடைக்கும் வெளிச்சம்தான். பின் யார் மனமுவந்து கொடுப்பார்கள்?

வியாபாரிகள் சர்க்காரை நாடினார்கள். ஒண்டாரியோ மாகாணம் சட்டம் செய்தது. 1970-ல் அந்தப் பகுதி உலகின் முதல் 'வணிக மேம்பாட்டு வட்டாரம்' ஆயிற்று. ஏற்பாடு எளியது. வட்டாரத்துக்கு எல்லை வகுப்பார்கள். அதற்குள் உள்ள வியாபாரச் சொத்துக்கள் அனைத்துக்கும் தனி வரி உண்டு. நகரசபை அதை வசூலித்து வட்டாரக் குழுவிடமே கொடுத்துவிடும். விளக்கு, பூந்தொட்டி, பெஞ்சு, விழா, விளம்பரம் எல்லாம் அந்தப் பணத்தில் நடக்கும். இன்று டொராண்டோவில் இத்தகைய வட்டாரங்கள் 80-க்கு மேல். நியூயார்க்கில் 70-க்கு மேல்.

நம் வியாபாரிகளுக்கு இது முற்றிலும் புதிய சங்கதியல்ல. வியாபாரத்தில் மகமை எடுத்துக் கோயிலும் பள்ளிக்கூடமும் நடத்தியவர்கள் தென் மாவட்ட வணிகர்கள். அங்கே கட்டுப்படுத்தியது உறவின்முறை. இங்கே கட்டுப்படுத்துவது சட்டம்.

ஆனால் பலன் யாருக்கு? இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஃபர்மன் மையம் 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. இத்தகைய வட்டாரங்களில் வணிகச் சொத்தின் மதிப்பு கணிசமாக உயர்ந்ததாம். ஆனால் அந்த உயர்வு பெரிய வட்டாரங்களில்தான் நன்கு தெரிந்தது. சிறு கடைத்தெருக்களில் அவ்வளவாக இல்லை. சொத்தின் மதிப்பு உயர்ந்தால் கட்டடக்காரருக்குக் கொண்டாட்டம். வாடகை உயர்ந்தால் கடைக்காரருக்குத் திண்டாட்டம். தெருவை அழகாக்கப் பணம் கொடுத்தவரே தெருவை விட்டு வெளியேற நேர்ந்தால், அது என்ன மேம்பாடு? நகரசபை தானே செய்ய வேண்டிய துப்புரவு வேலையை வட்டாரத்தின் தலையில் கட்டிவிட்டுக் கைகழுவும் அபாயமும் உண்டு.

இங்கிலாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஒரு கடிவாளம் போட்டது. அங்கே வணிக வரி செலுத்துவோர் வாக்களிக்க வேண்டும். வாக்களித்தவர்களின் எண்ணிக்கையிலும் பெரும்பான்மை வேண்டும். அவர்கள் சொத்துக்களின் வரி மதிப்பிலும் பெரும்பான்மை வேண்டும். பெரிய கடைகள் மட்டும் சேர்ந்து சிறியவர்கள்மீது வரியைச் சுமத்த முடியாது. ஐந்தாண்டுக்கு மேல் நீடிக்க மறுபடியும் வாக்கெடுப்பு!

கட்டாய வரி இல்லாவிட்டால் தேர் நிலையை விட்டு நகராது என்பது டொராண்டோ கற்பித்த பாடம். ஆனால் வடம் பிடிக்கும் கைகளுக்கு, தேர் எந்த வீதி வழியே போக வேண்டும் என்று சொல்லும் உரிமையும் வேண்டும். மூலைக் கடைக்காரரின் ஒரு வாக்குக்கு மதிப்பு இருக்கும் வரையில்தான் அது மேம்பாடு. அந்த மதிப்பு போய்விட்டால், எஞ்சுவது இன்னொரு வரி மட்டுமே.