தங்க மயிலும் தலையாட்டி பொம்மைகளும்

"ஓப்பனா பேசுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்" என்று சொல்லும் மேலதிகாரியைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அப்படிச் சொன்னவரை நம்பி, இந்த டார்கெட் நடக்கிற காரியமில்லை என்று ரிவ்யூ மீட்டிங்கில் வாய் திறந்த ஒரு கிளை மேலாளர், அடுத்த டிரான்ஸ்ஃபர் லிஸ்டில் ஆதிலாபாத் பக்கம் போனார். அப்புறம் அந்த மீட்டிங்குகளில் டீ உறிஞ்சும் சத்தம் மட்டும்தான். இதில் 'ஊழியர்கள் மனதில் பட்டதைச் சொல்லத் தயங்குகிறார்கள்' என்று பயிற்சி வகுப்பு வேறு! ஐயா, தைரியம் வேண்டியது சொல்கிறவனுக்கு இல்லை, கேட்கிறவருக்கு.

ஹைதராபாத்தில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசினால் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் ஞாபகம் வராமல் இருக்குமா? எல்லாரும் ராமலிங்க ராஜுவைத் திட்டியதோடு விட்டுவிட்டார்கள். எனக்கு அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் மேல்தான் கோபம்.

2008 டிசம்பர் 16. ராஜுவின் மகன்கள் நடத்திய இரண்டு மேட்டாஸ் கம்பெனிகளை 160 கோடி டாலருக்கு வாங்க இயக்குநர் குழு ஒப்புதல் தந்தது. (சத்யத்தின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் மேட்டாஸ். ஒளிவுமறைவே இல்லை!) குழுவில் யார் யார்? ஹார்வர்ட் பேராசிரியர் கிருஷ்ண பலேபு, முன்னாள் கேபினட் செயலர் டி.ஆர். பிரசாத், நம்ம கச்சிபௌலி ஐ.எஸ்.பி.யின் டீன் ராம்மோகன் ராவ். ஊருக்கே நிர்வாகம் சொல்லிக்கொடுப்பவர்கள். கேள்விகள் கேட்டார்களாம், பிறகு ஒருமனதாகத் தலையாட்டினார்களாம். அந்த ஒப்பந்தத்தை ஒரே ராத்திரியில் நிறுத்தியது பங்கு வைத்திருந்தவர்களின் கூச்சல்.

இரண்டு நாள் கழித்து, 18ஆம் தேதி, பலேபுவுக்கு ஒரு மின்னஞ்சல். கம்பெனி காட்டும் பணம் கையில் இல்லை என்று. எழுதியவர் பெயர் ஜோசப் ஆபிரஹாம். அது புனைபெயர். உள்விஷயம் தெரிந்த ஒருவர் உண்மையைச் சொல்லப் பொய்ப்பெயர் தேட வேண்டியிருந்தது, அதுவும் 'சத்யம்' என்று போர்டு மாட்டிய இடத்தில். அங்கே நம்பிக்கை எந்த லட்சணத்தில் இருந்தது என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

2009 ஜனவரி 7இல் ராஜுவே கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் கிடையாது. வங்கிக்காரனாக எனக்கு இது ஆறவே ஆறாது. இருப்பு உறுதிக் கடிதத்தை ஆடிட்டர் நேரே வங்கியிடம் கேட்டு வாங்க வேண்டும் என்பது பி.காம். பையனுக்கே தெரிந்த பாடம். பிரைஸ் வாட்டர்ஹவுஸ் ஆடிட்டர்கள் அந்த வேலையைக் கம்பெனி கையிலேயே விட்டிருந்தார்கள் என்று அமெரிக்காவின் பங்குச்சந்தை ஆணையம் 2011இல் சொன்னது.

இயக்குநர்களுக்கு எதுவும் தெரியாது என்றும் ராஜு எழுதியிருந்தார். தெரியாமலே இருக்கட்டும். ஆனால் தெரியவைக்க ஒருவனுக்குக்கூடத் துணிவு வராதபடி வைத்திருந்தது யார்? நல்ல நிர்வாகத்துக்காக 2008இல் தங்க மயில் விருது வேறு வாங்கியது இந்தக் கம்பெனி! பிறகு பிடுங்கிக்கொண்டார்கள் என்பது தனிக்கதை.

தெருவில் நின்றது யார் தெரியுமா? ஐம்பதாயிரம் சொச்சம் ஊழியர்களும் அவர்கள் குடும்பங்களும். ஊரை விட்டு வந்து, இங்கே வீட்டுக் கடனும் வாங்கிப் போட்டிருந்த நம்மவர்களும் அதில் உண்டு.

2013 கம்பெனிச் சட்டத்தில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் புகார் சொல்ல வழி வைத்தே ஆக வேண்டும் என்று போட்டார்கள். நல்லது. ஆனால் பெட்டி வைத்தால் சீட்டு விழுமா? சீட்டு போட்டவன் ஆதிலாபாத் போகவில்லை என்று நாலு பேர் கண்ணால் பார்க்க வேண்டாமா?

நாமும் சும்மா இல்லை. பேரண்ட்ஸ் மீட்டிங்கில் "அடிச்சுச் சொல்லிக் கொடுங்க மிஸ், நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம்" என்கிற முதல் குரல் நம்ம ஆளுடையதுதான். கரும்பலகையில் கணக்குத் தப்பு என்று எழுந்து சொன்ன பிள்ளையை "எதிர்த்துப் பேசுறான்" என்று டைரியில் எழுதி அனுப்பினால், அதன் கீழே நாமும் பயபக்தியோடு கையெழுத்துப் போடுகிறோம். அடுத்த தடவை அந்த டைரி வரும்போது, கணக்கு சரியா தப்பா என்று முதலில் மிஸ்ஸிடம் கேளுங்கள்.