தொண்டின் பயன் எவர்க்கு?

கல்வியின் பயன் கற்றவரோடு நின்றுவிடுவதில்லை; அது சமூகத்தையும் சென்று சேரவேண்டும். மாணவர் தொண்டு என்னும் எண்ணம் இந்த நம்பிக்கையிலிருந்து பிறந்ததே. காந்தியடிகளின் நூற்றாண்டு விழாவையொட்டி, 1969ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 40,000 மாணவர்கள் அதில் இணைந்தனர். இத்திட்டத்தில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணிநேரம் பணியாற்றுகிறார். ஏழு நாள் சிறப்பு முகாமிலும் பங்கேற்கிறார்.

இத்தகைய பணியால் மாணவரின் ஆளுமை வளர்வதைப் பற்றிப் பலரும் பேசுகின்றனர். ஆனால், மாணவரை வரவேற்கும் தொண்டு நிறுவனங்களுக்கு விளையும் பயன் யாது என்னும் வினா அரிதாகவே எழுகிறது. எழவேண்டிய முதல் வினா அதுவே.

கைகளும் அறிவும்

முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளர் பயிற்சி மையம் போன்ற இலாப நோக்கற்ற அமைப்புகள் பல நன்கொடையை நம்பியே இயங்குகின்றன. உணவுக்கும் மருந்துக்கும் மனமுவந்து கொடுப்போர் உண்டு. கணக்கேடுகளைச் சீர்செய்யவும் பயனாளிகளின் விவரங்களைத் தொகுக்கவும் பொருள் தருவோர் மிகச் சிலரே. அந்தக் குறையை நிரப்பும் ஆற்றல் மாணவரிடம் இருக்கிறது. வணிகவியல் பயில்வோர் வரவு செலவுக் கணக்கை ஒழுங்குபடுத்தலாம். கணினி அறிவியல் பயில்வோர் நன்கொடைப் பதிவுக்கு எளிய மென்பொருள் உருவாக்கலாம். தமிழ் பயில்வோர் பார்வையற்றோர்க்குப் பாடநூல்களை ஒலிவடிவில் பதிந்து தரலாம். மரம் நடுவதும் வளாகத்தைத் தூய்மை செய்வதும் நற்பணிகளே. எனினும், மாணவர் கற்ற கல்வியே பணியாக மாறும்போது நிறுவனம் அடையும் பயன் பன்மடங்காகிறது.

ஒரு முன்மாதிரி

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள பர்டூ பல்கலைக்கழகம் 1995ஆம் ஆண்டு 'எபிக்ஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பொறியியல் மாணவர் குழுக்கள் உள்ளூர்த் தொண்டு அமைப்புகளுக்குத் தேவையான கருவிகளையும் மென்பொருள்களையும் உருவாக்கித் தருவதே அதன் நோக்கம். பணிக்கு மதிப்பெண்ணும் உண்டு. முதலாண்டு மாணவர் முதல் இறுதியாண்டு மாணவர்வரை ஒரே குழுவில் இடம்பெறுவர். மூத்தோர் பட்டம் பெற்றுச் சென்றாலும் இளையோர் பணியைத் தொடர்வர். ஒரு பருவத்தில் முடியாத பணி அடுத்த பருவத்திலும் தொடரும். மாணவர் மாறினாலும் உறவு மாறாத இவ்வமைப்பே அதன் சிறப்பு.

உதவி சுமையாகும் நேரம்

இத்தொடர்ச்சி இல்லாதபோது உதவியே சுமையாகிறது. ஐந்து பணியாளர் மட்டுமே உள்ள ஓர் இல்லத்திற்கு ஐம்பது மாணவர் ஒருநாள் வந்தால், அவர்களை வழிநடத்துவதிலேயே பணியாளரின் பொழுது கழிந்துவிடும். மாணவர் உருவாக்கிய மென்பொருளை இயக்கும் முறை எவர்க்கும் கற்பிக்கப்படாவிடில், அது பயனின்றிக் கிடக்கும். மாலைதோறும் பாடம் சொல்லித்தந்த அண்ணனும் அக்காவும் தேர்வு வந்ததும் சொல்லாமல் நின்றுவிட்டால், காத்திருக்கும் குழந்தையின் ஏமாற்றத்தை எந்தச் சான்றிதழும் ஈடுசெய்யாது.

குறுகிய கால முகாம்கள் வேண்டாதன என்பது இதன் பொருளன்று. ஊரையே அறியாத மாணவர்க்கு மக்களின் வாழ்வை அறிமுகப்படுத்தும் வாயில்கள் அவை. ஆயினும், வாயிலில் நிற்பதையே உள்ளே வாழ்வதாக எண்ணிவிடலாகாது.

செய்யவேண்டுவன

முதலாவதாக, தேவை எது என்பதைத் தொண்டு நிறுவனமே கூறவேண்டும். கல்லூரி தன் வசதிக்கேற்ப முடிவுசெய்தல் தகாது. நிறுவனமும் தன் தேவையைத் தெளிவாக வரையறுத்து, வழிகாட்ட ஒருவரையேனும் ஒதுக்கவேண்டும். இரண்டாவதாக, பணியின் அளவும் கால எல்லையும் தொடக்கத்திலேயே எழுத்தில் அமையவேண்டும். மூன்றாவதாக, செய்த பணியை முறையாக ஒப்படைக்கும் குறிப்பேடு ஒன்றை ஒவ்வொரு குழுவும் அடுத்த குழுவிற்கு விட்டுச்செல்லவேண்டும். இறுதியாக, பணியை மதிப்பிடும் உரிமையில் நிறுவனத்திற்கும் பங்கு வேண்டும். எத்தனை மணிநேரம் உழைத்தனர் என்பதைக் கல்லூரி கணக்கிடலாம். அவ்வுழைப்பால் என்ன மாறியது என்பதை உதவி பெற்றோரே கூறமுடியும்.

திருவள்ளுவர், ஈகைக்கு முன்னர் ஒப்புரவறிதலை வைத்தார். கொடுப்பதற்குமுன் அறியவேண்டியது ஒன்று உண்டு என்பதை அவ்வதிகார முறை நினைவூட்டுகிறது. பிறர் தேவையைக் கேட்டறிந்து, கற்ற கல்வியை அதற்குப் பயன்படுத்தி, ஏற்ற பணியை நிறைவுசெய்து ஒப்படைப்பதே மாணவர் தொண்டு. அத்தகைய தொண்டால் நிறுவனமும் வலிமைபெறும், கல்வியும் பொருளுடையதாகும்.