நடப்பவரும் போக்குவரத்தே: நுண்ணறிவுப் போக்குவரத்துத் தொழில்நுட்பச் சங்கத் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

பழநிக்கு நடந்து செல்வோரின் வழியிலுள்ள தொப்பம்பட்டி வட்டாரத்திலிருந்து, நடப்போரின் பாதுகாப்புக் குறித்துச் சங்கத்திற்கு எழுதப்பட்ட மனுக்களுக்குக் கிடைத்த விடை, அவை உரிய தொழில்நுட்பக் குழுவின் பார்வைக்கு அனுப்பப்பட்டுள்ளன என்பதோடு நின்றுவிட்டதால், இவ்விவகாரத்தைப் பொதுவெளியில் வைப்பதே முறை என்று முடிவு செய்யப்பட்டுள்ளது. சாலை விதிகளையும் தர நெறிகளையும் தாங்கள் அறியாதவர் அல்லர் என்பதால் அவை இங்கே விரித்துரைக்கப்படவில்லை. ஒரே ஒரு பட்டியல் மட்டும் தங்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது.

தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம் 2023 அக்டோபரில் தனது போக்குவரத்து மேலாண்மை அமைப்புக்கான கொள்கையைப் புதுப்பித்தபோது, கேமராக் காட்சிகளைக் கணினியே ஆராய்ந்து, சாலையில் நேரும் அசம்பாவிதங்களையும் விதிமீறல்களையும் கண்டறிந்து, ரோந்து வாகனத்தை அழைப்பது முதல் மின்னணு அபராதச் சீட்டு பிறப்பிப்பது வரை செய்யும் ஓர் ஏற்பாட்டை அதன் மையமாக்கியது. 10 கிலோமீட்டருக்கு ஒரு கேமராவும் 100 கிலோமீட்டருக்கு ஒரு கட்டுப்பாட்டு மையமும் கொண்ட அவ்வேற்பாடு அடையாளம் காணக்கூடிய 14 வகை நிகழ்வுகளில், ஒரே இருசக்கர வாகனத்தில் மூவர் செல்வது, தலைக்கவசம் அணியாதது, எதிர்த்திசையில் ஓட்டுவது, சாலையில் விலங்குகள் நிற்பது ஆகியவற்றோடு, மனிதர் நடந்து சாலையைக் கடப்பதும் ஒன்றாக இடம்பெற்றிருக்கிறது.

இப்பட்டியல் பழநிச் சாலைகளில் என்ன பொருள்படும் என்பதைச் சங்கம் எண்ணிப் பார்த்ததா? தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழநி செல்லும் 83-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பாதயாத்திரைப் பக்தர்கள் இலட்சக்கணக்கில் நடக்கிறார்கள். பங்குனி உத்திரத்திற்குக் கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் சுமந்து வருவோரும், தாராபுரம் பக்கமிருந்து தொப்பம்பட்டி வழியாக நடந்து வருவோரும் வேறு. வெயிலுக்கு அஞ்சி இரவிலும் விடியற்காலையிலும் நடக்கும் இவர்களின் முதுகுப்பைகளில் காவல்துறையினர் ஒட்டிவிடும் ஒளிரும் பட்டைகளே, இந்த நுண்ணறிவு யுகத்தில் இவர்களுக்கு வாய்த்த தொழில்நுட்பம். அந்நாட்களில் அச்சாலைகளின் போக்குவரத்தே நடப்பவர்கள்தாம். அவர்களை அசம்பாவிதமாகக் கணக்கிடும் கருவி, சாலையில் யார் இருக்கிறார்கள் என்பதையே அறியாத கருவி.

அப்பட்டியலைச் சங்கம் எழுதவில்லை என்பது உண்மையே. ஆனால் கருவிகளைச் செய்வோரும், அவற்றிற்குத் தரம் வகுப்போரும், அவற்றை வாங்கும் அரசுத் துறையினரும் ஒரே மேசையில் அமர்வதற்காகவே இத்தகைய சங்கங்கள் உலகெங்கும் தோன்றின. 1991-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், 1994-இல் ஜப்பானிலும் அவை உருவானது அந்நோக்கத்தில்தான். அந்த மேசையின் தலைமை இடத்தில் இருப்பவர் வாய் திறவாதிருந்தால், அம்மௌனம் ஒப்புதலாகவே கொள்ளப்படும்.

நடப்பவருக்கு உதவும் தொழில்நுட்பம் இல்லை என்று விடை தந்தால், அது ஏற்கத்தக்கதன்று. வாகனக் கண்ணாடியில் ஒட்டிய வில்லையை வானலைகள் வழியே படித்து, கணக்கிலிருந்து கட்டணத்தைக் கழிக்கும் ஃபாஸ்டேக் முறை, 2021 பிப்ரவரியில் நாடெங்கும் கட்டாயமாக்கப்பட்டு, வில்லை இல்லாத வாகனத்திற்கு இரட்டைக் கட்டணம் விதிக்கப்பட்டது. வானலை வழியே அடையாளம் காணும் இதே வகைத் தொழில்நுட்பத்தைச் சிங்கப்பூர் 2009-இலேயே சாலைக் கடப்பிடங்களுக்குக் கொண்டுவந்து, முதியவர் ஒருவர் தம் சலுகை அட்டையைக் கருவியில் காட்டினால் பச்சை விளக்கு சில நொடிகள் கூடுதலாக எரியுமாறு செய்தது. அங்கே நடப்பவருக்கு நேரம் கொடுக்கப் பயன்பட்ட அறிவு, இங்கே ஓட்டுபவரிடம் கட்டணம் வாங்குவதற்கு மட்டும் முழுமை பெற்றது ஏன் என்பதற்குத் தலைவர்தாம் விடை சொல்ல வேண்டும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கின்படி, 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஏறத்தாழ ஐவரில் ஒருவர். அதே ஆண்டில் 64,105 விபத்துகளுடன் நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது தமிழ்நாடு. இவ்வெண்கள் தெரிந்திருந்தும், நடப்பவரின் உயிரைத் தரநெறிகளின் முதல் வரியில் எழுதாத தலைமைக்கு அறிவு குறைவில்லை, அக்கறைதான் இல்லை.

தலைவரே, கேட்கப்படுவது பெரிதன்று. நடப்போரைப் போக்குவரத்தின் ஓர் அங்கமாக எண்ணிக் கணக்கிடும் கருவிகளுக்குச் சங்கம் தரம் வகுக்கட்டும். யாத்திரை நாட்களில், செய்திகளை மாற்றிக் காட்டவல்ல மின்னணுப் பலகைகள் தமிழில் எச்சரித்து வேகவரம்பைக் குறைத்துக் காட்டட்டும்; அவ்வரம்பை மீறும் வாகனத்தின்மேல் கேமராக்களின் கண் விழட்டும். தொழில்நுட்பக் குழுவில், சாலையில் நடப்பவர்களுக்காகப் பேசும் ஒருவருக்கேனும் இடம் கிடைக்கட்டும்.

இவற்றைச் செய்ய இயலாதெனில், இயலாது என்று தங்கள் கையொப்பத்துடன் எழுதி அனுப்பும் நேர்மையாவது தங்களிடம் இருக்க வேண்டும். அடுத்த தைப்பூசத்திற்கு நடக்கப்போகிறவர்கள் இந்நாட்டுக் குடிமக்கள்; ஊர்தி இல்லாததால் அவர்கள் உயிரின் மதிப்பு குறைந்துவிடாது. அதை ஏற்காத ஒருவர், போக்குவரத்தின் பெயரால் அமைந்த ஒரு சங்கத்திற்குத் தலைமை தாங்கும் உரிமையை இழக்கிறார்.

இங்ஙனம்,
தொப்பம்பட்டி வட்டாரத்தார்